தப்பா கழுவின பழைய காசை இனி என்ன பண்றது? முழுமையான வழிகாட்டி

பூஜை ரூம்ல கிடந்த வெள்ளி ரூபாயை யாரோ புளி போட்டு பளபளன்னு தேய்ச்சு வெச்சுட்டாங்க, இல்ல கடையில ஆசையா வாங்கிட்டு வந்தப்புறம் தான் இது கழுவின காசுன்னு தெரிஞ்சுது, இப்ப இதை என்ன பண்றதுன்னு முழிக்கிறவங்களுக்குத் தான் இது. பிரிட்டிஷ் இந்தியா வெள்ளி ரூபா, அதோட சில்லறை, அப்புறம் செப்புக்காசு, இந்த மூணை வெச்சு தான் சொல்லப் போறேன், நம்ம வீடுகள்ல அதிகமா மாட்டுறது இதுங்க தான்.

புதுசா சேக்கறவங்க தடுமாறுறது பெரும்பாலும் வரிசையில. எப்படி சரி பண்றதுன்னு முதல்ல கேக்கறாங்க, அது என்ன காசுன்னு கடைசில தான் பாக்கறாங்க. உண்மையில தேய்ஞ்சு போன மேல்தோலை யாராலயும் திரும்பக் கொண்டு வர முடியாது. உங்களால முடியறது ரெண்டே விஷயம்: இன்னும் அரிச்சுக்கிட்டு இருந்தா அதை நிறுத்தலாம், அதுக்கப்புறம் வெச்சுக்கறதா விக்கறதான்னு முடிவு பண்ணலாம்.

1. முதல்ல கையை எடுங்க

கழுவின காசுல நடக்குற பெரிய சேதம் பாதி நேரம் ரெண்டாவது கழுவல்ல தான் நடக்குது. முதல் தடவை திட்டுத்திட்டா வெளுத்திருக்கும், அதைப் பாத்துட்டு "ஒரே மாதிரி ஆக்கிடலாம்"னு மறுபடி டூத்பேஸ்ட், எலுமிச்சம்பழம், விபூதி, பேக்கிங் சோடா கூட அலுமினியம் ஃபாயில்னு வீடியோல பாத்ததை எல்லாம் இறக்குவாங்க. திட்டு போகும், கூடவே எழுத்து ஓரமும் போகும்.

வெள்ளி மிருதுவான உலோகம், விபூதி கைக்கு எவ்வளவு மெல்லிசா இருந்தாலும் தேய்ச்சா கோடு விழும். ஃபாயில் முறைல தேய்க்கவே வேணாமேன்னு கேப்பாங்க. கருப்புங்கறது வெள்ளியும் கந்தகமும் சேந்த சல்ஃபைடு, அந்த முறை அதைத் திரும்ப வெள்ளியாக்குறது நிஜம் தான், ஆனா பழைய வழவழப்பு வராது, சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி செத்த வெள்ளையா நிக்கும்.

அதனால முதல் வேலை, காசை ஓரத்துல மட்டும் பிடிச்சு எடுத்து, சுத்தமான பேப்பர் கவர்ல போட்டு வைங்க. யார் கழுவினாங்க, எதால கழுவினாங்க, எப்போன்னு விசாரிச்சு கவர் மேலயே எழுதிடுங்க. புளியா, ஆசிடா, உப்பும் எலுமிச்சையுமாங்கறதைப் பொறுத்து தான் அடுத்து செய்யறது மாறும். வீட்டுல கேக்கும்போது கோபப்படாம கேளுங்க, திட்டினா யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க.

2. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வேண்டியது

பத்து மடங்கு பெருசா காட்டுற லென்ஸ் ஒண்ணு, வாட்ச் ரிப்பேர் பண்றவங்க கண்ணுல மாட்டுற மாதிரி இருந்தாலும் சரி. 0.01 கிராம் வரை காட்டுற சின்ன தராசு. ஒரே ஒரு பல்பு இருக்கிற டேபிள் லேம்ப், ட்யூப் லைட் வேணாம், அதுல வெளிச்சம் பரவி விழறதால கீறல் எல்லாம் ஒளிஞ்சுக்கும். சின்ன காந்தம். மூடி போட்ட சின்ன கண்ணாடி கிண்ணம் மூணு.

டிஸ்டில்ட் வாட்டர் பேட்டரி கடையிலயே கிடைக்கும், ஆனா பாட்டிலைப் படிச்சுப் பாத்து வாங்குங்க, பக்கத்துலயே பேட்டரி ஆசிடும் அதே மாதிரி கேன்ல தான் இருக்கும். அசிட்டோன் கெமிக்கல் கடையில சுத்தமானதா வாங்குங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் அதுக்கு பதில் ஆகாது, அதுல வாசனை, எண்ணெய், கலர்னு என்னென்னமோ சேத்திருப்பாங்க, அது எல்லாம் காசு மேல படிஞ்சுடும்.

கடைசியா ஒரு மெத்து டவல். லேம்ப் அடியில அதை மடிச்சுப் போட்டுட்டு தான் காசை வெளிய எடுக்கணும், இது சின்ன விஷயமா தோணும், மொசைக் தரையில விழுந்து ஓரம் நசுங்கின காசுகளைப் பாத்தவங்களுக்குத் தான் அருமை தெரியும்.

3. அது என்ன காசுன்னு தெரிஞ்சுக்கோங்க

கழுவினது எவ்வளவு பெரிய நஷ்டம்ங்கறது காசு எதுங்கறதைப் பொறுத்தது. சாதாரண வருஷம்னா ஏற்கனவே வெள்ளி விலையை ஒட்டி தான் போகும், கழுவினதால பெருசா குறையாது. அபூர்வ வருஷம்னா கழுவின நிலைலயும் வாங்க ஆள் இருக்கு. நடுவுல இருக்கு பாருங்க, சாதாரண வருஷம் ஆனா புழங்காத புதுசு மாதிரி நிலை, அதைக் கழுவினா தான் அடி பலம், ஏன்னா அதோட விலையே அந்த மேல்தோல்ல தான் இருந்துச்சு.

எடையில இருந்து ஆரம்பிங்க. 1835லேருந்து 1939 வரைக்கும் தேதி போட்ட ஒரு ரூபா வெள்ளிக்காசு 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. அரை ரூபா 5.83, கால் ரூபா 2.92, வெள்ளி ரெண்டணா 1.46. கை மாறி தேய்ஞ்சது கொஞ்சம் குறைச்சலா காட்டும், அது சகஜம். ஆனா எழுத்து எல்லாம் கூர்மையா இருந்து எடை மட்டும் ஒரு கிராம் அடிபட்டா சந்தேகப்படுங்க, ஒண்ணு ஆசிட்ல ஊறினது, இல்ல போலி.

1940லேருந்து 1945 வரைக்கும் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபா எடையில அதே 11.66 தான், வெள்ளி பாதி தான். 50 வெள்ளி, 40 செம்பு, மிச்சம் நிக்கலும் துத்தநாகமும். செம்பு இவ்வளவு இருக்கிறதால புளி பட்டா கலர் திட்டுத்திட்டா மாறும், இதைப் பாத்துட்டு போலின்னு தூக்கிப் போட்டவங்களும் உண்டு. 1947 ரூபா வெள்ளியே கிடையாது, நிக்கல், காந்தத்துல பச்சக்குன்னு ஒட்டும்.

வருஷத்தோட நிறுத்தாதீங்க. விக்டோரியா ராணி ரூபால 1862ன்னு போட்டது அந்த ஒரு வருஷம் மட்டும் அடிச்சது இல்ல, அதே தேதியை வெச்சு பல வருஷம் அடிச்சாங்க, பின்பக்கம் இருக்கிற குட்டிப் புள்ளிகளை எண்ணித் தான் ரகம் பிரிக்கிறாங்க. புளி, சாம்பல் போட்டு கட்டை விரலால அழுத்தித் தேய்ச்சா அந்தப் புள்ளி தான் முதல் பலி. லென்ஸ்ல பாக்கும்போது புள்ளி இருந்த இடத்துல சின்ன மேடு மட்டும் இருக்கான்னு சாய்ச்சு பாருங்க. அதே மாதிரி 1911 அஞ்சாம் ஜார்ஜ் ரூபா, ராஜா மார்புல போட்டிருக்கிற மாலையில ஒரு யானை இருக்கும், தும்பிக்கை குட்டையா இருந்ததால பன்னி மாதிரி இருக்குன்னு அப்பவே சலசலப்பு வந்து 1912ல மாத்தினாங்க. அந்த யானை காசோட உசந்த இடத்துல உக்காந்திருக்கு, பாலிஷ் போட்ட காசுல அது வெறும் வழுக்கையா இருக்கும். "பன்னி ரூபா"ன்னு சொல்லி விக்கிறவர்கிட்ட அந்த இடத்தை லென்ஸ்ல காட்டச் சொல்லுங்க.

1939 ரூபா அபூர்வம், அதனாலயே தேதியை நோண்டி மாத்தின போலிகளும் உண்டு. உங்ககிட்ட இருக்கிறது 1939 மாதிரி தெரிஞ்சா மேற்கொண்டு கிண்ணம், தண்ணி எதுவும் வேணாம், நேரா விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டுங்க.

4. எதால கழுவினாங்கன்னு காசையே கேளுங்க

லேம்ப் அடியில காசை ஓரத்துல பிடிச்சு மெதுவா சாய்ச்சு சுத்துங்க. கழுவாத புதுக்காசுல வெளிச்சம் வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரி சுத்தி வரும். புழங்கின காசுல நடுவுல அது போயிருந்தாலும் எழுத்துக்கு இடுக்குல, கிரீடத்துக்குப் பக்கத்துல மிச்சம் இருக்கும். இடுக்குல கூட வெளிச்சம் நகராம தட்டையா நின்னா மேல்தோல் போயாச்சுன்னு அர்த்தம்.

அப்புறம் கீறல். பையில புழங்கி விழுந்த கீறல் நாலா திசைலயும் ஒண்ணு ஆழமா ஒண்ணு மேலோட்டமா இருக்கும். துணி, பிரஷ், பவுடர் வெச்சு தேய்ச்சது முடி மாதிரி மெல்லிசா கூட்டமா ஒரே திசைல ஓடும், இல்லன்னா வட்ட வட்டமா. இதைத் தான் ஹேர்லைன்ங்கறாங்க.

இங்க ஒரு குழப்பம் வரும். காசு அடிக்கிற அச்சை டங்கசாலையில (மின்ட்ல) பாலிஷ் போட்டிருந்தா அந்தக் கோடும் காசுல விழும். வித்தியாசம் என்னன்னா அச்சுக்கோடு காசு மேல எழும்பி நிக்கும், படமோ எழுத்தோ இல்லாத வெறும் தரைப் பகுதில மட்டும் ஓடி ராஜா தலை, எழுத்து வந்த உடனே நின்னுடும். ஹேர்லைன் பள்ளமா இருக்கும், தரையில ஓடி கன்னத்து மேலயும் ஏறிப் போகும். அச்சுக்கோட்டைப் பாத்து நல்ல காசை கழுவினதுன்னு சல்லிசா வித்தவங்க இருக்காங்க.

மத்த அடையாளங்கள். எழுத்து இடுக்குல வெள்ளையா கெட்டியா இருந்தா டூத்பேஸ்ட் இல்ல பாத்திரம் தேய்க்கிற பவுடர். இடுக்குல கருப்பு, மேட்டுல மட்டும் பளபளப்புன்னா துணி வெச்சு துடைச்சது, இது இருக்கிறதுலயே லேசான கேஸ். முழுசும் ஒரே வெள்ளையா, கீறல் இல்லாம, உயிர் இல்லாம இருந்தா நகைக்கடை பாணில திராவகத்துல முக்கினது. லென்ஸ்ல மணல் மாதிரி புள்ளிப்புள்ளியா குழி தெரிஞ்சா ஆசிட் அதிகமா தின்னிருக்கு. எழுத்தோட ஓரம் உருகின மாதிரி மழுங்கி, கண்ணாடி மாதிரி மின்னினா மெஷின் பாலிஷ். செப்புக்காசு ரோஸ் கலர்ல புதுசா உரிச்ச மாதிரி இருந்தா சந்தேகமே வேணாம், எலுமிச்சை இல்ல புளி.

ஓரத்தையும் பாருங்க, மறந்துடாதீங்க. காசு மாலை, ஒட்டியாணம், கொலுசுன்னு நம்ம ஊர்ல வெள்ளி ரூபாயை நிறைய நகையாக்கினாங்க. ராஜா தலைக்கு நேர் மேல விளிம்புல கொஞ்சம் கலர் மாறி, பல்லு மாதிரி இருக்கிற வரி அடைபட்டிருந்தா அங்க வளையம் பத்தவெச்சு எடுத்திருக்காங்க. வளையம் எடுத்தப்புறம் பத்தர் வெளுக்க வைக்கிறது வழக்கம், அதனால இந்த ரெண்டு அடையாளமும் பெரும்பாலும் சேந்தே வரும். இது கழுவினதை விட பெரிய குறை, விக்கும்போது தனியா சொல்லணும்.

5. இன்னும் அரிக்குதான்னு பாருங்க

இது தான் உண்மையான முடிவு எடுக்கிற இடம். கழுவினது பழைய கதை, அதை விடுங்க, இன்னைக்கும் காசு கெட்டுக்கிட்டே இருக்காங்கறது தான் கேள்வி. கெடலன்னா ஆறாவது படியை விட்டுட்டு நேரா எட்டுக்குப் போயிடுங்க, கிண்ணத்தையே எடுக்க வேணாம். நிறைய பேருக்கு இந்த ஒரு வரி போதும்.

பாக்கறது எப்படின்னா, காற்று புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு போட்டு, வெள்ளை டிஷ்யூ மேல காசை வெச்சு ரெண்டு வாரம் விடுங்க. தூள் உதிர்ந்திருக்கா, புதுசா புள்ளி வந்திருக்கா, டிஷ்யூல பிசுக்கு ஒட்டியிருக்கான்னு பாருங்க. முன்னாடியே ஃபோன்ல ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சிருந்தா தான் ஒப்பிட முடியும், மனசு எப்பவும் "முன்னாடியே இருந்துச்சோ"ன்னு தான் சொல்லும்.

பச்சையைப் பாத்த உடனே பயப்படாதீங்க, பச்சையில மூணு ரகம் உண்டு. கெட்டியா, வழவழன்னு, கரும்பச்சையா காசோட ஒட்டிக்கிட்டு இருந்தா அது காலத்துல வந்த களிம்பு, அது காசுக்கு கவசம், தொடாதீங்க. பிசுபிசுன்னு எண்ணெய் மாதிரி இளம்பச்சையா இருந்தா பிவிசிங்கற பிளாஸ்டிக் ஆல்பத்துல வெச்சதால வந்தது. பவுடர் மாதிரி வெளிர் பச்சையா, துடைச்சாலும் சில நாள்ல திரும்ப வந்தா அது தான் ஆபத்து, உப்புல இருக்கிற குளோரைடு செம்புக்குள்ள போய் காத்து ஈரத்தோட சேந்து உள்ளுக்குள்ளயே தின்னுக்கிட்டு இருக்கு.

உப்பும் எலுமிச்சையும் சேத்து தேய்ச்ச செப்புக்காசுல இந்த மூணாவது ரகம் வர வாய்ப்பு அதிகம். கோயில் விளக்கு, சொம்புக்கு அது ஒத்து வரும், ஏன்னா அதை வாரா வாரம் தேய்ச்சு கழுவறோம், காசை ஒரு தடவை தேய்ச்சு டப்பாவுல போட்டு மறந்துடறோம், உள்ள மிச்சம் இருக்கிற உப்பு தன் வேலையைப் பாக்குது. இந்த மாதிரி காசை உடனே மத்ததுல இருந்து பிரிச்சு, ஈரம் இல்லாத டப்பாவுல தனியா வைங்க.

6. ஒட்டிக்கிட்டு இருக்கிறதை மட்டும் எடுக்கறது

இந்தப் படியோட நோக்கம் அழகாக்குறது கிடையாது. உப்பு, ஆசிட் மிச்சம், பேஸ்ட், எண்ணெய், பசை, இதை எல்லாம் வெளிய எடுக்கறது மட்டும் தான். காசோட கலர் இதுல மாறாது, மாறணும்னு எதிர்பாக்கவும் கூடாது.

வெறும் புளி, எலுமிச்சை, திராவகம் மிச்சம்னா முதல்ல டிஸ்டில்ட் வாட்டர். கண்ணாடி கிண்ணத்துல காசைப் படுக்க வெச்சு தண்ணி ஊத்தி மூடி வைங்க, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணியை மாத்துங்க, வெள்ளின்னா ஒரு நாள் போதும். செம்பை நாள் கணக்குல ஊறப் போடாதீங்க, சில மணி நேரம் ஊறினதும் எடுத்து காயவிட்டு, ரெண்டு வாரம் கவனிச்சு, தேவைன்னா மறுபடி. குழாய் தண்ணி, போர் தண்ணி வேணாம், அதுல இருக்கிற உப்பையே நாம எடுக்கப் பாக்கறோம்.

தண்ணி முடிஞ்சப்புறம் அசிட்டோன். அசிட்டோன் ஈரத்தையும் இழுத்துக்கிட்டு சட்டுன்னு ஆவியாயிடும், துடைக்கவே வேணாம். அதனால தான் அது கடைசி.

பூஜை ரூம் காசுன்னா வரிசை மாறும். அதுல குங்குமம், சந்தனம், வருஷக்கணக்கா விளக்கெண்ணெய், நெய் எல்லாம் ஏறியிருக்கும். எண்ணெய் மேல தண்ணி ஊத்தினா உள்ள போகாது, அதனால முதல்ல அசிட்டோன், அப்புறம் தண்ணி, திரும்ப அசிட்டோன். செல்லோடேப் பசை, யாராவது மினுமினுப்புக்கு அடிச்ச நெயில் பாலிஷ், பிவிசி பிசுக்கு, இதுக்கெல்லாமும் அசிட்டோன் தான் முதல்.

அசிட்டோன் பக்குவம்: கண்ணாடி கிண்ணம் மட்டும், பிளாஸ்டிக் கரைஞ்சு காசு மேலயே ஒட்டிக்கும். ஒரு கிண்ணத்துல ஊற வெச்சு, எடுத்து ரெண்டாவது கிண்ணத்துல புது அசிட்டோன்ல ஒரு முக்கு. இந்த ரெண்டாவது முக்கை நிறைய பேர் விட்டுடறாங்க, முதல் கிண்ணத்துல கரைஞ்ச அழுக்கு தான் காயும்போது மெல்லிசா படலமா படியுது, அதைப் பாத்துட்டு "அசிட்டோன் காசைக் கெடுத்துடுச்சு"ன்னு அதன் மேல பழி. சமையலறைல பண்ணாதீங்க, அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் பக்கத்துல கூடாது, கப்புன்னு பிடிக்கும். மொட்டை மாடி, பால்கனி நல்லது.

பேஸ்ட் கெட்டியாகி இடுக்குல நின்னா, ஊறினப்புறம் வெள்ளிக்காசுல மட்டும் ஈரமா இருக்கும்போதே மரத்துப் பல்குத்துற குச்சியால அந்தக் கட்டியை மட்டும் லென்ஸ் வெச்சு மெதுவா தள்ளலாம். தரைப் பகுதியைத் தொடாதீங்க. ஊசி, குண்டூசி கூடவே கூடாது. ரெண்டு முயற்சில வரலன்னா விட்டுடுங்க, இடுக்குல கொஞ்சம் வெள்ளை இருக்கிறதால யாரும் விலையைக் குறைக்கப் போறதில்ல, புதுசா ஒரு கீறல் விழுந்தா குறைப்பாங்க.

மேல சொன்ன பவுடர் பச்சை திரும்பத் திரும்ப வந்தா வீட்டு வைத்தியம் நிறுத்திக்கலாம். அது பயிற்சி எடுத்தவங்க பாக்க வேண்டிய வேலை, எழும்பூர் மியூசியத்துல இதுக்குன்னே 1930லேருந்து வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்குன்னா எவ்வளவு நுணுக்கமான வேலைன்னு பாத்துக்கோங்க. சோழர் செப்புக்காசுக்கு இது ரொம்பப் பொருந்தும். ராஜராஜன் காசுல உக்காந்திருக்கிற உருவத்துக்குப் பக்கத்துல நாகரி எழுத்துல பேர் இருக்கும், ஆயிரம் வருஷ மண்ணுல செம்பே களிம்பா மாறி அந்த எழுத்தோட வடிவம் களிம்புலயே தான் நிக்குது. களிம்பை உரிச்சா அடியில எழுத்து இருக்கும்னு நினைக்கிறது தப்பு, எழுத்தும் சேந்தே உரிஞ்சு வந்துடும்.

7. திரும்ப கருக்க வைக்கலாமா?

அவிச்ச முட்டை மஞ்சக்கருவோட டப்பாவுல போட்டு மூடுறது, கந்தக மருந்து தடவுறது, கேஸ் அடுப்புல காட்டுறதுன்னு நிறைய வழி சுத்துது. என் கருத்து, எதுவும் வேணாம். கலர் வரும், ஆனா ஹேர்லைன் அப்படியே இருக்கும், லென்ஸ் பிடிக்கத் தெரிஞ்சவர் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சு, கழுவினது மட்டும் இல்ல மறைக்கவும் பாத்திருக்காங்கன்னு உங்களை முடிவு கட்டிடுவார். கழுவின காசுக்குக் கிடைக்கிற விலை கூட அப்புறம் கிடைக்காது.

பேப்பர் கவர்ல போட்டு அலமாரில விட்டா வருஷம் போகப் போக வெள்ளி தானா மங்கும், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல கொஞ்சம் நிழல் வரும், பாக்க நல்லாவே இருக்கும். இதுல ஏமாத்து இல்ல, அப்பவும் கழுவினதுங்கறதை சொல்லித் தான் விக்கணும்.

8. விலைக் கணக்கு

முதல்ல அடிமட்ட விலை. 11.66 கிராம் ரூபால சுத்த வெள்ளி சுமாரா 10.69 கிராம். தேய்ஞ்சு 11.4 காட்டினா 10.45. பாதி வெள்ளி ரூபான்னா 5.83 தான். இதை அன்னைக்கு வெள்ளி ரேட்டால பெருக்குங்க, பழைய வெள்ளின்னு கடைக்காரர் கழிவு பிடிப்பார், அதையும் கழிங்க. கடையில டச் எவ்வளவுன்னு, அதாவது வெள்ளி எத்தனை சதவீதம்னு கேப்பாங்க, ரெண்டு ரகத்தையும் ஒண்ணா கொட்டிக் கொடுத்தீங்கன்னா எல்லாத்தையும் பாதி வெள்ளின்னு கணக்கு போட்டுடற ஆட்களும் உண்டு, பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க.

அப்புறம் மேல் விலை. அதே வருஷம், அதே மின்ட், அதே தேய்மானம் உள்ள கழுவாத காசு என்ன விலைக்கு வித்துச்சுன்னு ஏல முடிவுகள்ல பாருங்க. கேட்ட விலை வேற, வித்த விலை வேற. யூட்யூப்ல வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க்கு லட்சக்கணக்குல தர்றேன்ங்கறது மாதிரியான கதையை எல்லாம் இதுல சேக்காதீங்க.

இந்த ரெண்டு விலைக்கும் நடுவுல இருக்கிற தூரம் தான் முடிவைச் சொல்லும். தூரம் கம்மின்னா கழுவினதுல பெருசா எதுவும் போகல. தூரம் ஜாஸ்தின்னா உங்க காசு நடுவுல எங்கேயோ நிக்கும், எங்கங்கறது கீறலோட அளவைப் பொறுத்து, வாங்குறவரைப் பொறுத்து. இதுக்கு ஃபார்முலா கேக்கறவங்க நிறைய, ஃபார்முலா கிடையாது, மெட்ராஸ் காயின் சொசைட்டி மாதிரி சங்கங்கள்ல பழகினவங்க நாலு பேர்கிட்ட காட்டிக் கேட்டா ஒரு அளவு பிடிபடும்.

9. முடிவு எடுக்கற நேரம்

தாத்தா பாட்டி வெச்ச காசு, சாதாரண வருஷம்னா வெச்சுக்கோங்க. வித்து வர்ற பணம் வெள்ளிப் பணம் தான், அது எப்ப வேணா கிடைக்கும். பூஜைல வைக்கிறதுன்னாலும் தாராளமா வைங்க, ஏற்கனவே கழுவின சாதாரண காசை அங்க வைக்கிறதுல எந்தப் பாவமும் இல்ல, இனிமே தேய்க்கணும்னு தோணினா அதையே தேய்ச்சுக்கட்டும், நல்ல காசுங்க தப்பிக்கும்.

நீங்க வருஷத்துக்கு ஒண்ணுன்னு செட் சேக்கறவர், அந்த வருஷம் உங்ககிட்ட இல்லன்னா, நல்லது கிடைக்கிற வரைக்கும் இது அந்த இடத்தை நிரப்பட்டும். அபூர்வமானதை முழு விலை கொடுத்து வாங்க முடியாதவங்க தெரிஞ்சே கழுவினதை வாங்குறாங்க, அது ஒரு நியாயமான வழி தான்.

கடையில கழுவாததுன்னு சொல்லிக் கொடுத்திருந்தா, வேற எதுவும் பண்றதுக்கு முன்னாடி திருப்பிக் கொடுக்கப் பாருங்க. இதுல தான் ஒண்ணாம் படி எவ்வளவு முக்கியம்னு தெரியும், நீங்க அசிட்டோன்ல முக்கிட்டு போய் நின்னா "நீங்க தான் கழுவியிருக்கீங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவாங்க.

நிஜமாவே அபூர்வமான காசு, அசலான்னு நிச்சயம் வேணும்னா கிரேடிங், அதாவது ஒரு நிறுவனத்துக்கு அனுப்பி காசோட நிலையைச் சோதிச்சு வாங்குறது. என்ஜிசி, பிசிஜிஎஸ் மாதிரி நிறுவனங்கள் கழுவின காசுக்கு 70 மார்க் அளவுகோல்ல நம்பர் போடறதில்ல, தேய்மான நிலையைச் சொல்லி பக்கத்துல டீடெயில்ஸ்னு போட்டு கழுவினதுன்னு குறிச்சுடுவாங்க. அசல்ங்கறது உறுதியாகும், குறை மறையாது. ஆயிரம் ரெண்டாயிரம் பெறுமான காசுக்கு இது வெட்டிச் செலவு. வெளிநாட்டுக்கு அனுப்பணும்னு யோசிச்சா கவனம், 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின காசு தொல்பொருள், தனி ஆள் அதை ஏற்றுமதி பண்ணக் கூடாது. விக்டோரியா, எட்வர்ட், அஞ்சாம் ஜார்ஜ் ரூபால பெரும்பாலானது இதுக்குள்ள வந்துடும். மண்ணுல தோண்டும்போது கிடைச்சதுன்னா 1878 புதையல் சட்டம் வேற இருக்கு, கலெக்டருக்குத் தெரிவிக்கணும், கழுவறதா வேணாமாங்கற பேச்சே அதுக்கு அப்புறம் தான்.

உருக்கப் போடறது கடைசி. ஆசிட் தின்னு, வளையம் பத்தவெச்சு, தேதியே தெரியாத காசுன்னா மட்டும். தேதி தெரியற காசை உருக்காதீங்க, வெள்ளி விலைக்கே வாங்கிப் படிக்க ஆசைப்படற பசங்க இருக்காங்க, அவங்ககிட்ட கொடுங்க.

10. விக்கும்போது

கழுவினதுன்னு எழுத்துல சொல்லுங்க. போட்டோ எடுக்கும்போது ஒண்ணு நேரா, இன்னொண்ணு லேம்ப் வெளிச்சத்துல சாய்ச்சு ஹேர்லைன் தெரியற மாதிரி. ஃபில்டர் போடாதீங்க. எடையை தராசோட சேத்து ஒரு படம். இதை எல்லாம் பண்ணினா விலை கொஞ்சம் கம்மியா வரும், ஆனா வாங்கினவர் காசைத் திருப்பி அனுப்ப மாட்டார், அடுத்த தடவையும் அதே ஆள் உங்ககிட்ட வாங்குவார்.

முன்பணம், கமிஷன், வரின்னு எதையாவது கட்டச் சொல்லி ரிசர்வ் பேங்க் பேரை இழுத்தா போனை வெச்சுடுங்க. பழைய காசு வாங்கி விக்கிற வேலை தாங்க செய்யறதில்ல, அதுக்குக் கட்டணமும் கேக்கறதில்லன்னு 2021 ஆகஸ்ட்லயே ரிசர்வ் பேங்க் அறிக்கை விட்டிருக்கு.

11. எடுத்து வைக்கிறது

கழுவின காசுக்கு மேல்தோல் இல்லாததால ஈரமும் கைரேகையும் சீக்கிரம் பிடிக்கும், கழுவாததை விட இதுக்குத் தான் பாதுகாப்பு அதிகம் வேணும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடின்னு கடலோரத்துல இருக்கிறவங்க டப்பாவுல சிலிக்கா ஜெல் கட்டாயம் போடுங்க, கலர் மாறினா புதுசு மாத்துங்க. தேங்காய் எண்ணெய், வாசலைன் தடவி வைக்காதீங்க, தூசி ஒட்டும், எண்ணெய் நாள்பட்டா சிக்கு ஏறி அதுவே புளிச்சுப் போய் உலோகத்தைத் தொடும்.

வாசனை அடிக்கிற மெத்து மெத்து பிளாஸ்டிக் ஆல்பம் பெரும்பாலும் பிவிசி, வேணாம். மைலார்ங்கற பிளாஸ்டிக் தாள்ல ஜன்னல் வெச்ச அட்டை ஹோல்டர் விலையும் கம்மி, நல்லதும் கூட. காசை உள்ள வைக்கிறதுக்கு முன்னாடியே அட்டை மேல வருஷம், எடை, "கழுவினது"ன்னு எழுதிடுங்க, வெச்சப்புறம் எழுதினா பேனா அழுத்தம் காசுல விழும். நாலு பக்கமும் ஸ்டேப்ளர் அடிச்சதும் பின்னோட முனையை பிளையர் வெச்சு தட்டையாக்கிடுங்க, இல்லன்னா பக்கத்து அட்டைல இருக்கிற கழுவாத காசை அது கீறிடும்.